தோட்டத்து மூத்தாள்

அந்தப் பங்களாவில் என்னை நாலாந்தாரம் என்றார்கள். முதல் தாரம் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். இரண்டாம் தாரத்தை மஞ்சள் காமாலை கொண்டுபோனது. மூன்றாம் தாரம் தோட்டத்தில் நின்றாள். அவள் ஒரு மரம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மூன்றாம் தாரம் தங்காது என்பார்கள். கட்டியவள் தங்க மாட்டாள். சமயத்தில் கட்டியவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் இரண்டு பெண்டாட்டிகளைப் பறிகொடுத்த ஒருவன் மறுபடியும் மாப்பிள்ளை ஆகிறான் என்றால், பெண் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் ஒரு வாழை மரத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தாலி கட்டுவான். கட்டிய கையோடு அரிவாளை எடுத்து ஒரே வெட்டு. வாழை சாய்ந்ததும் பெண்டாட்டி செத்தவனாகத் தலை முழுகி வருவான். மூன்றாவது கணக்கு தீர்ந்தது. அதன்பிறகு வருகிறவள் நாலாவது. அவளுக்கு ஆபத்தில்லை. வாழைக்கு வாய் கிடையாது, ஏன் என்று கேட்காது.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, காரணம் செவ்வாய் தோஷம். அப்பா எம்.ரெட்டியபட்டியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை, விருதுநகர், சாத்தூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியதில் அவர் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். எனக்குப் பின்னால் ஒரு தங்கை வேறு காத்திருந்தாள். திருச்சுழிப் பக்கத்துப் பங்களாவிலிருந்து ஆள் வந்து, "ரெண்டு தாரம் தவறிப்போச்சு. பொண்ணு மட்டும் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்று சொன்னபோது அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பங்களாவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. என் கணவரின் தாத்தா ரங்கூனில் அரிசி வியாபாரம் செய்து சம்பாதித்துக் கட்டியது. தேக்குத் தூண்கள், தரையில் பூப்போட்ட ஓடு, மாடியில் வண்ணக் கண்ணாடி சன்னல். வீட்டைக் கட்டி முடித்தும் ஆசை தீராமல் தோட்டம் போட்டிருக்கிறார். மிளகாயும் மல்லியும் பருத்தியுமே வானத்தைப் பார்த்து விளைகிற பூமியில், கப்பலில் செடி கொண்டுவந்து இறக்கினார். கரிசல் மண் ஆகாதென்று செம்மண்ணை வண்டி வண்டியாய் அடித்தார். பெரணிச் செடிகளுக்கென்று தென்னந்தட்டி கட்டிய குளிர்ந்த வீடு ஒன்று. ஆர்க்கிட் பூவுக்கென்று கண்ணாடி வீடு ஒன்று. எங்கள் வெயிலில் கண்ணாடி வீடு! உள்ளே வைத்த செடியெல்லாம் ஒரே சித்திரையில் வெந்துபோனதாம். என் காலத்தில் அதில் மிளகாய் வத்தல் காய்ந்தது. கள்ளியைக்கூட அந்த மனிதர் விட்டுவைக்கவில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் கள்ளி குத்துகிற ஊருக்கு, சீமைக் கள்ளியைத் தொட்டியில் வைத்து வரவழைத்து, அதற்கு நிழலும் கட்டினார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையைக் கேட்டிருக்கிறேன். கொல்லனே ஊசி வாங்கிய கதையை அங்கேதான் பார்த்தேன்.

ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரத் தகடு தொங்கும். அதில் இங்கிலீஷ் எழுத்தில் மரத்தின் பெயரும் வந்த ஊரும் இருக்கும். எழுத்து மங்கினால் என் கணவர் தானே பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து புதுப்பிப்பார். முதல் இரண்டு மனைவிகளின் படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. கூடத்தில் தாத்தாவின் படம் இருந்தது, அதற்கு அடுத்து அதே அளவில் விசிறி வாழையின் படம் இருந்தது.

விசிறி வாழைதான் தோட்டத்தின் ராணி. இலையும் மட்டையும் வாழையைப் போலவே இருக்கும். ஆனால் சுற்றிலும் விரியாமல், மயில் தோகையை விரித்த மாதிரி ஒரே தட்டையாக இரண்டு பக்கமும் அடுக்கிக்கொண்டு மாடி உயரத்துக்கு நிற்கும். தாத்தா கையால் வைத்தது. அதைப் பார்ப்பதற்கென்றே வீரசோழன் சந்தைக்கு வருகிறவர்கள் வழியில் இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கல்யாணத்தன்று காலையில் என்னை மாடி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மரத்துக்குத் தாலி கட்டுவதைப் பெண் பார்க்கக் கூடாது என்று சன்னலைச் சாத்தியிருந்தார்கள். வண்ணக் கண்ணாடியில் ஒரு துண்டு உடைந்திருந்தது. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

சந்தையிலிருந்து சாதாரண வாழைக்கன்று ஒன்றை வேரோடு கொண்டுவந்து வாசலில் சாத்தியிருந்தார்கள். என் மாமியார் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "நம்ம வீட்டு மூணாந்தாரம் சந்தையில வாங்குனதா? நாலு பேரு சிரிக்கவா? தோட்டத்துல அம்மாம் பெரிய வாழை நிக்கிதுல்ல, அதுக்குக் கட்டுடா" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவும் வாழை. ஐயருக்கும் அது வாழைதான். மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் கயிறு எட்டவில்லை என்று இன்னொரு கயிற்றை முடிந்து, அந்தத் தடித்த அடிமரத்தைச் சுற்றித் தாலி கட்டினார். மரத்துக்குப் பட்டுச் சேலை சாத்தினார்கள். யாரோ குலவை போட்டார்கள்.

அப்புறம் அரிவாளோடு வந்த ஆள் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு நின்றான். அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார்.

"வேணாம்."

"என்னடா வேணாம்? கட்டுனா வெட்டணும்" என்றார் மாமியார்.

"தாத்தா வச்ச மரம்மா. ஒரு மட்டைய வெட்டிக்கிறட்டும்."

ஐயர் தலையைச் சொறிந்தார். முகூர்த்தம் போகிறது என்று நாலு பேர் அவசரப்படுத்தினார்கள். கடைசியில் ஓரத்து மட்டை ஒன்றை வெட்டிப் போட்டார்கள். மாப்பிள்ளை கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். சற்று நேரத்தில் எனக்குத் தாலி கட்டினார். அவர் கை என் பிடரியில் பட்டபோது சில்லென்று இருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மூன்றாமவள் சாகவில்லை. அவளுக்குப் பதிலாக ஒருத்தி சாக வேண்டும் என்றால் அது யார் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்த மரம் என்றைக்கு வெட்டுப்படுகிறதோ அன்றைக்குத்தான் எனக்கு அந்த வீட்டில் இடம்.

மாமியாருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் மரத்தைக் குளிர்வித்து வைக்கப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், முதலில் மூத்தாளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் நெற்றிக்கு. பொங்கலுக்கு முதல் புதுச்சேலை அதற்கு, இரண்டாவது எனக்கு. ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாற்றும்போதும் அப்படித்தான். நான் ஸ்டூலில் ஏறி அதன் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக்கயிறு கட்டி, இறங்கிவந்து, என் கழுத்தை மாமியாரிடம் காட்டுவேன்.

உறவுக்காரப் பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "என்னக்கா, மூத்தாளும் இளையாளும் சண்டை சச்சரவு இல்லாம இருக்கீகளா?" என்பார்கள்.

"எங்களுக்குள்ள என்ன சண்டை? அவுக தோட்டத்துல, நான் வீட்டுல. இவுகதான் பாதி நேரம் அங்கன கெடக்காக" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உள்ளே எனக்குக் கொதிக்கும்.

என் கணவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரலை உயர்த்த மாட்டார். குடி கிடையாது. என்மேல் கை வைத்ததே இல்லை. அடித்திருந்தால் காட்டுவதற்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும். விடிந்ததும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். எட்டுகிற இலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைப்பார். கரிசல் புழுதி இலையில் படிந்தால் செடிக்கு மூச்சு முட்டுமாம். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாளில் வாசலில் நின்றபடி, "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் பெரணி வீட்டுக்குப் போனார். கேட்டதே பெரிது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு மலிவாக இருந்தேன்.

கோடையில் கிணறு வற்றும். போர் போட்டும் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். வீட்டில் குளிக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குப் போகும்படி தாத்தா அந்தக் காலத்திலேயே கட்டியிருந்தார். அதனால் வீட்டுப் பெண்களுக்குச் சோப்பு கிடையாது. சோப்புத் தண்ணீர் வேரைக் கெடுக்குமாம். சீயக்காயும் ஆகாது. கடலை மாவுதான். ஆம்பளைகள் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளிப்பார்கள். அந்தத் தண்ணீர் வேறு பக்கம் ஓடும். நான் குளித்து ஊற்றிய தண்ணீர் ஓடிப்போய்ச் சேருகிற கடைசி இடம் விசிறி வாழையின் பாத்திதான். சில நாள் வேண்டுமென்றே வாய்க்காலில் காறித் துப்பிவிட்டு வருவேன். அது இன்னும் தளதளவென்று வளர்ந்தது.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் உண்டானேன். நாலாவது மாதம் கலைந்தது. அருப்புக்கோட்டை டவுன் ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார், "வெட்டாம விட்டது கேக்குது" என்றார், என்னிடமில்லை, சுவரிடம். என்னைக் கொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசையில்லை. கணக்கு அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, உடம்பில் தெம்பு வந்ததும், தோட்டத்தில் என் கணவரிடம் போய் நின்றேன். இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"என்னங்க, இந்த மரத்த வெட்டிருங்க."

திரும்பிப் பார்த்தார். ரொம்பவும் மென்மையாகத்தான் சொன்னார்: "புள்ளை இன்னொண்ணு பெத்துக்கலாம்மா. இந்த மரம் இன்னொண்ணு வராது."

சொல்லிவிட்டு மறுபடியும் இலையைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவர்மேல் இருந்ததெல்லாம் செத்துப்போனது. புள்ளையும் இன்னொன்று வரவில்லை.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் தாவரவியல் படிக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த தை மாதம் தோட்டம் பார்க்க வந்தார். பங்களாவுக்கு அதெல்லாம் பெருமை. மாமியார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். நான் தட்டில் பானகம் கொண்டுபோனேன். விசிறி வாழைக்கு முன்னால் வந்ததும் ஒரு பெண் மஞ்சளையும் குங்குமத்தையும் தாலியையும் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு எதுக்கு தாலி?" என்று கேட்டாள்.

மாமியார் தயங்காமல் முழுக் கதையையும் சொன்னார். மூன்றாந்தாரத்துக்கு வாழையைக் கட்டுகிற வழக்கத்தைச் சொல்லி, "எங்க வீட்டுக்கு எங்க வாழை" என்று முடித்தார்.

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, இது வாழையே இல்லீங்களே. பார்க்க அப்படி இருக்கும். வாழைக்குத் தூரத்துச் சொந்தம்னு வேணா சொல்லலாம். ஆப்பிரிக்கா பக்கத்துல ஒரு தீவுல இருந்து வந்தது" என்றார். மட்டையின் அடியில் தண்ணீர் தேங்கும், வழிப்போக்கர்கள் குத்திக் குடிப்பார்கள் என்று மேலும் என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரும் எங்களைக் கேலி செய்ய வரவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு பேச்சில் நான் நாலாந்தாரத்திலிருந்து மூன்றாந்தாரம் ஆகிவிட்டேன்.

மாமியார் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப கட்டுன தாலி?" என்று பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார்.

அவர் சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. தகட்டுலயே எழுதிருக்கு."

"தெரிஞ்சா கட்டுன?"

"இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு கட்டுனேன்."

நான் பானகத் தட்டோடு நின்றேன். அவர் இதையெல்லாம் நம்பாதவர். நம்பாதவருக்கு என்னைப் பற்றிக் கவலையில்லை. நம்புகிற அம்மாவுக்கு நான் எமன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் அதைச் சுமக்க வேண்டும். நம்பிக்கை இல்லாத மனிதர் வீட்டில் நிம்மதி இருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அன்றிலிருந்து மாமியார் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மரத்தை வெட்டச் சொல்லிச் சண்டை போட்ட ஒரே ஆள் அவர்தான். ஐயரைக் கூப்பிட்டு விசாரித்தார். வாழையோ வேறு எதுவோ, தாலி கட்டியது கட்டியதுதான், வெட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று ஐயர் சொன்னார். மாமியார் வருஷக்கணக்கில் மகனிடம் கெஞ்சினார், அழுதார், சாப்பிடாமல் கிடந்தார். "நீ போனா நான் என்ன செய்வேன், அத வெட்டுடா" என்பார். மகனுக்காகத்தான் கெஞ்சினார், எனக்காக இல்லை. என்றாலும் அரிவாளுக்குப் பரிந்து பேச எனக்கு வேறு ஆள் இல்லாததால், அவர் அழுகிறபோதெல்லாம் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். மகன் எதற்கும் மசியவில்லை. தாய்க்கும் தாரத்துக்கும் இளகாத மனது, ஒரு கொழுந்து வாடினால் இளகியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, பெரணி வீட்டுக்குள் அவர் விழுந்து கிடந்தார். பக்கவாதம். மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்தது. கட்டிலைச் சன்னலோரம் போடச் சொல்லிச் சாடை காட்டினார். அங்கிருந்து பார்த்தால் விசிறி வாழை தெரியும்.

நான்தான் பார்த்துக்கொண்டேன். பீ மூத்திரம் அள்ளினேன். புண் வராமல் புரட்டிப் போட்டேன். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினால் பாதி கழுத்தில் வழியும், துடைப்பேன். அவருக்குக் கோபம் வந்தால் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பார். அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை செய்தவளை இனிமேல் யார் என்ன சொல்ல முடியும் என்று ஒரு நினைப்பு. மரம் நின்றால் நிற்கட்டும், நானும் நின்றுவிட்டேன் என்று நினைத்தேன். புத்தி கெட்ட நினைப்பு.

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அவர் சித்தப்பாவும் ஐயரும் வந்தார்கள். மாமியாரும் சேர்ந்து கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஐயர் பட்டென்று சொல்லிவிட்டார்: ஒன்று, அந்த மரம் சாய வேண்டும். இல்லையென்றால் மூன்றாவதாக வந்தவள் இந்த வீட்டைவிட்டு, இந்தக் கூரையைவிட்டுப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் இவர் எழுந்திருக்க மாட்டார்.

மாமியார் மகன் தலையைத் தடவினார். "ராசா, மரத்த வெட்டச் சொல்றேன்டா. சரின்னு ஒரு தலைய ஆட்டுடா."

அவர் கண் அகன்றது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டிலே அதிர்ந்தது.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அப்ப இன்னொரு வழிதான் இருக்கு. உனக்குச் சம்மதமாப்பா?"

நான் கட்டில் தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் இடது கையை மெல்லத் தூக்கினார். விரல் என்மேல் வந்து நின்றது. தவறாகப் புரிந்துகொள்ள இடமே கொடுக்கவில்லை. பிறகு அந்த விரல் நகர்ந்து வாசலைக் காட்டியது. மூடநம்பிக்கை என்று சொன்ன மனிதர். அவர் தோஷத்துக்குப் பயந்து என்னை அனுப்பவில்லை. மரத்தைக் காப்பாற்றுவதற்கு என்னைக் கொடுத்தார். பயந்து அனுப்பியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

கிண்ணத்தில் மிச்சமிருந்த கஞ்சியை அவருக்கு ஊட்டவில்லை. சன்னல் வழியாகக் கொட்டிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தேன்.

மாமியார் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்குப் பின்னால் நடந்து வந்தது அன்றைக்குத்தான். "ஏத்தா, நான் வெட்டத்தான் சொன்னேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? அவன் உசுரு அதுல இருக்கு" என்றார்.

"அப்ப என் உசுரு, அத்தை?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "பஸ்ஸு வந்துரும், கெளம்பு" என்றார்.

அப்பா வீட்டில் என்னை ஏன் என்று கேட்கவில்லை, அதுவரை போதும். தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஊர் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. கடைக்குப் போய் முதலில் ஒரு சோப்பு வாங்கினேன். மணம் தூக்கலான சோப்பு. நுரைக்க நுரைக்கக் குளித்தேன்.

தாலியை நான் கழற்றவில்லை. ஊரில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்கவும் துணியவில்லை. எனக்கு அந்தத் தாலி மேல் பக்தி ஒன்றும் இல்லை. நானாகக் கழற்றி அவர்களுக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, திருச்சுழிப் பக்கமிருந்து வந்த பஸ் கண்டக்டர் எங்கள் தெருமுனையில் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் போய்விட்டாராம். அம்மா ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போய், தாலி அறுக்கிறபோது பிறந்த வீட்டில் போட வேண்டிய வெள்ளைக் கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் பையோடு நடுவீட்டில் வைத்தாள்.

மத்தியானம் கார் வந்தது. சித்தப்பாவும் அவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். சித்தப்பா உள்ளே வராமல் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தாயி, நடந்தத மனசுல வைக்காத. பொணம் கெடக்கு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். பொண்டாட்டி வந்து சுத்தி வராம, தாலி எறக்காம எப்படி எடுக்கறது? வந்துரு."

"என்னைய எதுக்கு? வீட்டுல இருந்தா ஆகாதுன்னு அனுப்புனீகளே."

"அது அப்ப. இப்பப் பொண்டாட்டி வேணும்ல? ஊரு கூடி நிக்கிது." அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி நேரத்துல உன்னைய கேட்டான் தாயி."

"வாய் வராதவுக எப்படிக் கேட்டாக?"

"கையக் காட்டுனான்."

"எந்தப் பக்கம் காட்டுனாக?"

சித்தப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூட வந்த பெண்களில் ஒருத்தி தரையைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே எது நிற்கிறது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போயிட்டு வந்துருடி. ஊரு காறித் துப்பும். செத்தவுக மேல என்ன கோவம்?" என்றாள். அப்பா ஈசிச்சேரில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் போவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கணம் எனக்கும் கால் எழுந்தது. அழுதால் நாலு பேர் பாவம் என்பார்கள். அந்தப் பாவத்தை வைத்து மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் அத்தனை பேர் பார்க்க அவருக்குப் பெண்டாட்டியாக நின்று கொடுப்பது என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நடந்தது நடக்கவே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி.

"சித்தப்பா, அவுகளுக்குப் பொண்டாட்டி வேணும்னா அங்கனயே நிக்கிறா. உசுரோட நிக்கிறா. கழுத்துல தாலி இருக்கு, நான்தான் வருஷா வருஷம் கயிறு மாத்திக் கட்டுனேன். அவள எறக்கச் சொல்லுங்க."

"ஏத்தா, இது என்ன பேச்சு? மரத்துக்குப் போயி—"

"மரத்துக்குக் கட்டும்போது பேச்சு வரலையே?"

நடுவீட்டிலிருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

"பிறந்த வீட்டுக் கோடி. அவளுக்குன்னு போட வேற யாரு இருக்கா? நாங்க போடறோம்."

அவர் வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். பிணம் கிடக்கிறது, பொழுது சாய்கிறது, அவருக்கு ஏதோ ஒன்று கையில் இருந்தாக வேண்டும். கார் திரும்பிப் போனது. பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்றும், மரத்துக்கு வெள்ளை சுற்றியிருந்தது என்றும், மறுநாள் அதே கண்டக்டர் சொன்னார்.

கார் போனதும் நான் உள்ளே போய்ச் சோப்புப் போட்டு முகம் கழுவினேன். பொட்டு வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் கட்டிக்கொண்டிருந்த கதம்பத்தில் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்தேன். அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. காலையிலிருந்து யாரும் உலை வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.